பூச்சியத்துக்கு நாலு கோடு கீழே

அன்று வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இராசமலர் வெள்ளி என்பார். அவருடைய மகள் நிரோசினி, இல்லை, சனி, அன்று பள்ளிக்கூடம் இருக்கவில்லை என்பாள். ஆனால் அந்த வருடம் தண்ணீரூற்றில் பள்ளிக்கூடம் நடந்த நாட்களைவிட நடக்காத நாட்களே அதிகம். நான் அடுத்த வளவில் இருந்தேன். வேலிக்கு மேலால் கண்டது பாதி, பிறகு இராசமலர் சொல்லக் கேட்டது பாதி. அவரும் அதை இரண்டு தடவை ஒரே மாதிரிச் சொன்னதில்லை. சில நாட்களில் சொல்லிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்திவிடுவார். பிறகு நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி அவர் நிறுத்திய இடங்களை நானாக நிரப்பியிருக்கக்கூடும். ஆண்டு மட்டும் பிழையில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு, ஆவணி.

இராசமலர் கணவரின் வாயின் இடதுபக்கத்தால் கரண்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வலதுபக்கத்தால் விட்டால் அப்படியே வழிந்து தலையணையை நனைத்துவிடும் என்பது நாலு நாளில் பழகியிருந்தது. மயில்வாகனம் விழுங்கினாரா இல்லையா என்பது தொண்டையைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையில் இராசமலர் அந்தத் தொண்டையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

நாலு நாளைக்கு முன், முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன மனிதர், வாளிக் கயிற்றை விடாமல் பிடித்தபடியே ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. மாட்டு வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் நல்ல பெடியன். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க ரோச்சை எடுத்தார், அது பத்தவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு நெருப்புக்குச்சி ஒன்றைக் கொளுத்திப் பார்த்தார்.

"பாரிசவாதம் அம்மா. வவுனியாவுக்கு அனுப்ப வேணும். ஆனா என்னண்டு அனுப்புறது?" என்று அவர் இராசமலரிடமே கேட்டார்.

வவுனியா றோட்டில் ஒரு வருடத்துக்கு மேலாகச் சண்டை. கனகராயன்குளத்துக்கு அங்கால் ஒரு வாகனமும் போவதில்லை. செஞ்சிலுவைக்காரரின் வாகனம் மன்னார்ப் பக்கமாகச் சுற்றிப் போகும். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து இராசமலருக்குச் செய்வதற்கு இருந்தது இந்தக் கரண்டி ஒன்றுதான்.

பத்து மணிபோல மயில்வாகனத்தின் இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. அது மெதுவாக உயர்ந்து, சுவரில் இருந்த தட்டைக் காட்டியது.

"சாமிப்படமோ? திருநீறோ?" என்று இராசமலர் கேட்டார்.

கை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போனது.

"பெட்டி," என்றாள் வாசலில் நின்ற நிரோசினி. "அப்பா பெட்டியைக் கேக்கிறார்."

அந்தத் தட்டு உண்மையில் தட்டு அல்ல. அது ஓர் அழுத்தமானியின், அதாவது நீட்டிக் கட்டிய கம்பியால் மின்னழுத்தம் அளக்கும் கருவியின், பலகை. ஒரு மீற்றர் நீளம், தேக்கு. கம்பி எப்போதோ போய்விட்டது. ஓரத்தில் பதித்த அளவுகோல் மட்டும் அப்படியே இருந்தது. முருகனும் பிள்ளையாரும் ஐம்பத்தைந்தாவது சென்ரிமீற்றரில் இருந்து எழுபது வரை இருந்தார்கள். எழுபத்தைந்தில் இருந்து தொண்ணூறு வரை மயில்வாகனத்தின் வோல்ற்றுமானி இருந்தது.

மயில்வாகனம் வலிகாமத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். தொண்ணூற்றைந்தில் இராணுவம் வருகிறதென்று ஊரே எழும்பி நடந்தபோது, அதிபர் ஆய்வுகூடத் திறப்பை அவருடைய கையில் கொடுத்து, "ஏலுமானதை எடுத்துக்கொண்டு போங்கோ" என்றாராம். சட்டி பானை கட்டவேண்டிய சைக்கிளில் அவர் மூன்று பொருட்களைக் கட்டினார். பொன்னிலை மின்காட்டி ஒன்று. அதன் கண்ணாடி சாவகச்சேரியில் உடைந்தது, உள்ளே இருந்த பொன் தகடு ஒரு மூச்சுக் காற்றில் பறந்துபோனது. மற்றது இந்தப் பலகை. மூன்றாவது வோல்ற்றுமானி. கறுத்த மரப்பெட்டி, பித்தளை முனைகள், வெள்ளைத் தாளில் பூச்சியத்திலிருந்து மூன்று வரை கோடுகள். முள்ளின் அடியில் ஒரு கீற்றுக் கண்ணாடி பதித்திருந்தது. ஒரு கண்ணை மூடி, முள் தன் பிம்பத்தை மறைக்கும் வரை தலையை நகர்த்தித்தான் வாசிப்பை எடுக்க வேண்டும். சரிந்து பார்த்தால் பொய்யான வாசிப்பு வரும். அடியில் 1927 என்று போட்டிருந்தது. "என்னிலும் மூத்தது" என்பார்.

தண்ணீரூற்றில் அவரை வோல்ற் மாஸ்ரர் என்றார்கள். மின்சாரம் இல்லாத எட்டாவது வருடம். பற்றரி கொண்டுவரத் தடை. எங்காவது கிடைத்த ரோச் பற்றரிகளைச் சனம் வெயிலில் காயவைத்து, ஊசியால் துளைத்து, உப்புத்தண்ணீர் விட்டு, உயிர் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் கொண்டுவரும். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து வாசிப்பைச் சொல்லுவார். முல்லைத்தீவு றோட்டில் மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்துக் கார்ப் பற்றரி சார்ச் பண்ணும் தவராசாகூட, சந்தேகம் வந்தால் ஒவ்வொரு அறையாகப் பார்க்க அவரிடம்தான் வருவான்.

பெட்டியின் மூடிக்குள் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அது கல்லூரி வழக்கம். முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் திருகாணியை யார் தொட்டாலும் திகதி, எவ்வளவு, என்ன காரணம் என்று அந்த அட்டையில் எழுத வேண்டும். ஒருமுறை பௌதிக ஆசிரியர் ஒருவர் எழுதாமல் ஆணியைத் திருகிவிட்டார் என்பதற்காக மயில்வாகனம் ஒரு தவணை முழுவதும் அவரோடு கதைக்கவில்லை. "பெண்சாதியோடை கோவிச்சாலும் ரெண்டு நாளிலை கதைப்பார். அந்த மாஸ்ரரோடை மூண்டு மாசம்," என்று இராசமலர் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இராசமலர் பெட்டியை எடுத்து வந்து கட்டிலில், கணவரின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய விரல்கள் கண்ணாடியின் மேல் ஊர்ந்து, முள்ளின் அடிப்பக்கம் இருந்த சின்ன ஆணியில் வந்து நின்றன. நகத்தால் அதைச் சுரண்டினார். நகம் வழுக்கியது. மறுபடி சுரண்டினார்.

"பற்றரி பாக்கச் சொல்லுறியளோ?" என்றார் இராசமலர்.

அவருடைய கண்கள் இராசமலரையே பார்த்தன.

"ஓம், பாக்கிறன். நீங்கள் கையை எடுங்கோ."

நாலு பெரிய பற்றரிகளும் பழந்துணியில் சுற்றி றேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தன. மாசி முடிவில் தவராசா யாரிடமோ வாங்கித் தந்தவை. வந்தபோது புதிது, ஒவ்வொன்றும் ஒன்று தசம் ஐந்து காட்டியது. இரண்டு கிழமை றேடியோ பாடியது. பிறகு ஒருநாள் மயில்வாகனம் அவற்றைக் கழற்றி வைத்திருந்தார். "என்னாச்சு?" என்று இராசமலர் கேட்டபோது அவர் வோல்ற்றுமானியை முன்னால் நகர்த்தி, "நீரே பாரும்" என்றார். அதுவரை வாசிப்பை எப்போதும் அவரே சொல்லுவார். அன்று இராசமலர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்று தசம் ஒன்று. ஒன்று தசம் மூன்றுக்குக் கீழே போன பற்றரியை றேடியோவுக்குள் வைக்கக்கூடாது, கசிந்து உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். பழைய சரக்காக இருக்கும், ஏமாற்றிவிட்டார்கள் என்று இராசமலராகவே முடிவு செய்தார். மயில்வாகனம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகும் இராசமலர் கிழமைக்கு ஒருமுறையாவது பற்றரிகளை வெயிலில் வைத்து, வாசிப்புப் பார்க்கக் கணவரிடம் எடுத்துக்கொண்டு போவார். ஏனென்றால் றேடியோ அந்த வீட்டுக்குப் பாட்டுக் கேட்கும் பெட்டி அல்ல. மூத்தவன் பிரசாந்தன் வெளிநாடு போகவென்று கொழும்புக்குப் போய், தங்கியிருந்த லொட்ஜில் வைத்துப் பிடிபட்டு, தெற்கே ஒரு சிறையில் இரண்டாவது வருடமாக இருந்தான். செஞ்சிலுவை மூலம் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். கடைசிக் கடிதம் போன கார்த்திகையில் வந்தது. கடிதம் வராத நாட்களில் றேடியோதான். பின்னேரச் செய்தியில் கைதிகள் பற்றி ஏதாவது சொன்னால் இராசமலர் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்பார்.

இப்போது அவர் வோல்ற்றுமானிக் கம்பியின் இரண்டு நுனியையும் முதலாவது பற்றரியில் வைத்தார். முள் எழும்பியது. ஒரு கண்ணை மூடினார்.

"ஒண்டு தசம் ஒண்டு," என்றார்.

மயில்வாகனத்தின் தலை தலையணையில் இடமும் வலமும் அசைந்தது.

"மற்றதைப் பாக்கிறன். இதுவும் ஒண்டு தசம் ஒண்டு."

தலை மீண்டும் அசைந்தது. தொண்டைக்குள் ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதில் எழுத்தே இருக்கவில்லை. மூன்றாவது, நாலாவது. எல்லாம் ஒன்று தசம் ஒன்று. அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று இராசமலர் குனிந்து உரத்துச் சொன்னார்.

"ஒண்டு தசம் ஒண்டு. நாலும் அப்பிடித்தான். கவலைப்படாதேங்கோ, தவராசாட்டைச் சொல்லி வேறை எடுப்பம்."

மயில்வாகனம் கண்களை மூடினார். இடது கண்ணில் இருந்து தண்ணீர் காதுப்பக்கமாக ஓடியது. வலது கண் இந்த நாலு நாளும் தானாகவே வடிந்துகொண்டிருந்ததால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

"அம்மா, பேசாமல் போட்டுப் பாப்பமே," என்றாள் நிரோசினி. "அப்பாவுக்குப் பாட்டெண்டாலும் கேக்கும்."

"உள்ளுக்குக் கசிஞ்சால் உன்ர அப்பா எழும்பி வந்து ரெண்டு பேரையும் பேசுவார்."

சொல்லிவிட்டு இராசமலர் அந்த 'எழும்பி வந்து' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். நிரோசினி வெளியே போனாள். பெட்டி கட்டிலிலேயே இருந்தது. மயில்வாகனத்தின் விரல் ஆணியின் மேல் இருந்தது, ஆனால் சுரண்டவில்லை.

மத்தியானம் மேற்கே மாங்குளப் பக்கம் செல் விழும் சத்தம் வந்துகொண்டிருந்தது. சோளகக் காற்று கூரைக் கிடுகுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முந்தி இராசமலர் ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். தொண்டையைப் பார்த்தபடி காத்திருந்தார். அது அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தண்ணீர் இடதுபக்கத்தாலும் வழிந்தது.

கரண்டியைச் செம்புக்குள் போட்டுவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டாராம். அது ஏனோ அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தவராசா சைக்கிளில் வந்தான். ஹாண்டிலில் கூட்டுறவுச் சங்கத்தின் மெகாபோன் தொங்கியது. முள்ளியவளை, வற்றாப்பளை, குமுழமுனை என்று ஊர் ஊராகப் போய் மரண அறிவித்தல் சொல்ல வேண்டும். பின்னேரம் இரண்டு மணிக்குக் கிரியை.

மயில்வாகனத்தை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றியிருந்தார்கள். அழுது ஓய்ந்து, தேத்தண்ணி குடித்து, மெல்லக் கதைக்கத் தொடங்கிய நேரம் அது.

"அக்கா," என்றான் தவராசா வாசலில் நின்று, "மெகாபோனிலை கதைச்சா நுளம்பு கத்தின மாதிரிக் கிடக்கு. உங்கடை றேடியோப் பற்றரி நாலும் கிடக்கே?"

"கிடக்கு. ஆனா அதுகள் ஒண்டுக்கும் உதவாது தவராசா. நேற்றும் பாத்தனான், ஒண்டு தசம் ஒண்டு."

"எண்டாலும் ஒருக்காப் பாப்பம். எந்த ஒண்டு நல்லதெண்டு பாத்து, சங்கத்தின்ரையோடை மாத்திப் போடலாம்."

இராசமலர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அது இரவு முழுவதும் கட்டிலிலேயே இருந்தது. ஒருவரும் எடுத்து வைக்கவில்லை.

"உந்த மனிசனுக்கு வோல்ற் பாத்தே சீவியம் போட்டுது," என்றாள் பின்வளவு மீனம்மா, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "பேசாமல் உந்தப் பெட்டியையும் பெட்டிக்குள்ளை வைச்சு விடுங்கோ. போற இடத்திலையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கட்டும்."

இரண்டு பேர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். இராசமலருக்கும் சிரிப்பு வந்தது. மனிதர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

தவராசா பெட்டியை வாசலை ஒட்டி இறக்கிய பத்தியில் இருந்த கதிரைமேல் வைத்துக் குந்தினான். பற்றரியை எடுத்தவன் அதில் கம்பியை வைக்காமல் அப்படியே இருந்தான்.

"அக்கா, ஒருக்கா இஞ்சை வாங்கோ."

இராசமலர் எழும்பிப் போனார்.

"முள்ளு சும்மா நிக்கேக்கை பூச்சியத்திலைதானே நிக்கவேணும். பாருங்கோ, இதிலை நாலு கோடு கீழை நிக்குது."

"கட்டிலிலை கிடந்து ஆடியிருக்கும்."

"ஆடினால் அரைக் கோடு போகும். இது ஆரோ திருகினது." அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணர் இதை இப்பிடி விடுற ஆளே? என்ர பற்றரியளை எல்லாம் இதிலைதானே பாத்தவர். போன மாசமும் பாத்தவர். ஒரு நாளும் வாசிப்புப் பிழைச்சதில்லை."

அவனுக்கும் அந்தக் கல்லூரி வழக்கம் தெரியும். மூடியைத் தூக்கி அட்டையைப் பார்த்தான். வாசித்தான். மூடியை மெதுவாக மூடினான்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை அக்கா. பழைய திகதியள்."

"எனக்கும் எழுத்து வாசிக்கத் தெரியும் தவராசா."

இராசமலர் மூடியைத் திறந்தார். முப்பத்தைந்து வருடமாக அவருடைய வீட்டில் இருந்த கையெழுத்து. அதை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. கடன் கடிதம் எழுதவும் பள்ளிக்கூடப் படிவம் நிரப்பவும் பயன்பட்ட அதே சிறிய, நேரான எழுத்து. மேலே பழைய ஆட்களின் பதிவுகள் மங்கியிருந்தன. கீழே மயில்வாகனத்தினுடையவை.

95.11.01. நாவற்குழி. சைக்கிள் அதிர்வு. 0.1.

96.04.22. கிளாலி. படகு. 0.1.

96.10.05. அக்கராயன். மழை ஈரம். 0.2.

98.03.14. தண்ணீரூற்று. 0.4 கீழே. கடிதம் வரும் வரை.

அதற்குக் கீழே எதுவும் இல்லை.

உள்ளே யாரோ புதிதாக வந்த ஒருத்தி அழத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தம் ஓயும் வரை இராசமலர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்திருந்தார்.

"அண்டைக்கு நீங்களும் பிள்ளையும் கோயிலுக்குப் போட்டியள்," என்றான் தவராசா நிலத்தைப் பார்த்தபடி. "நான் அவரோடை இருந்தனான். பின்னேரச் செய்தியிலை சொன்னவங்கள், சிறைக்குள்ளை கலவரமாம், ரெண்டு பேர் செத்திட்டினமாம். ஒரு பெயர் வேறை ஆரோ. மற்றது பிரசாந்தன் எண்டாங்கள். தேப்பன் பெயர் சொல்லேல்லை, ஊர் சொல்லேல்லை. பிரசாந்தன் எண்டு எத்தினை பேர் இருக்கிறாங்கள். அண்ணர் றேடியோவை நிப்பாட்டினார். பேந்து, கடிதம் வரட்டும், அதுமட்டும் வீட்டிலை கதையாதை எண்டார். நானும் கதைக்கேல்லை. ஆனா ஆணியைத் திருகினது எனக்குத் தெரியாதக்கா. சத்தியமாத் தெரியாது."

"அவர் எனக்கு வாயாலை ஒண்டும் சொல்லேல்லை," என்றார் இராசமலர். "நீரே பாரும் எண்டுதான் சொன்னவர்."

தவராசா கம்பியைப் பற்றரியில் வைத்தான். முள் எழும்பி, ஒன்று தசம் ஒன்றில் நின்றது. அவன் வாய்க்குள் நாலு கூட்டினான், அண்ணரும் இந்த ஐந்து மாதமும் அப்படித்தான் கூட்டிச் சொல்லியிருப்பார்.

"ஒண்டு தசம் அஞ்சு. புதுசு மாதிரி."

நாலும் அப்படித்தான்.

"நேற்று நான் அவருக்கு நாலுக்கும் வாசிச்சுக் காட்டினனான்," என்றார் இராசமலர். "காது கேக்கேல்லை எண்டு நினைச்சு, உரத்தும் சொன்னனான்."

தவராசா கம்பியை எடுத்துச் சுற்றினான்.

இராசமலர் இதைச் சொல்லும்போதெல்லாம் நிறுத்தும் இடம் இதுதான். ஐந்து மாதம். நாலு பற்றரி, பக்கத்தில் றேடியோ. நிரோசினி எத்தனையோ தடவை கேட்டாள், போட்டுப் பாப்பமே என்று. போட்டிருந்தால் பாடியிருக்கும். கசியும் என்ற பயம் மட்டும்தானா? ஒவ்வொரு முறையும் முள் ஒன்று தசம் ஒன்றில் வந்து நின்றபோது தன் நெஞ்சு என்ன செய்தது என்று யோசித்துப் பார்த்ததாக ஒருநாள் என்னிடம் சொன்னார். என்ன செய்தது என்பதைச் சொல்லவில்லை.

தவராசா பற்றரிகளை மெகாபோனுக்குள் ஒவ்வொன்றாக வைத்து மூடியைத் திருகினான். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தான். அறிவித்தல் அதில் எழுதியிருந்தது. வாசித்துப் பார்ப்பவன்போல அதை விரித்து வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"என்ன?" என்றார் இராசமலர்.

"இராசமலரின் அன்புக் கணவரும், அதுக்குப் பிறகு பிள்ளையளின்ர பெயர் வருது." அவன் கடதாசியைத் தாழ்த்தினான். "தம்பியின்ர பெயரை என்னண்டு சொல்லுறது அக்கா?"

சாவீட்டு அறிவித்தலில் செத்துப்போன பிள்ளையின் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடவேண்டும். போடாவிட்டால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். தெரியாத பிள்ளைக்குப் போட ஒரு சொல் இல்லை.

முற்றத்தில் பறைமேளக்காரர் வந்து தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். இராசமலர் அந்த நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிரோசினி குசினி வாசலில் இருந்து, "அம்மா, சீனி எங்கை வைச்சனீங்கள்?" என்று கேட்டாள். "உறியிலை" என்றார்.

பிறகு தவராசாவிடம், "எப்பவும் சொல்லுற மாதிரிச் சொல்லும்," என்றார். "பிரசாந்தன், நிரோசினி ஆகியோரின் பாசமிகு தந்தையும்."

"ஓம் அக்கா."

அவன் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கப் போனான். அப்போதுதான் நினைவு வந்தவன்போல, சட்டைப் பையில் இருந்து சின்னத் திருப்புளி ஒன்றை எடுத்தான்.

"இதைப் பூச்சியத்துக்குக் கொண்டு வரட்டே? இனி ஆரும் பாத்தாலும் பிழையான வாசிப்பெல்லோ வரும்."

இராசமலர் பெட்டியை அவனுடைய கையில் இருந்து வாங்கி மூடினார்.

"கடிதம் இன்னும் வரேல்லை," என்றார்.

தவராசா திருப்புளியைத் திரும்பப் பைக்குள் போட்டான். சைக்கிளை வேலிப் படலை வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் ஏறினான். ஒழுங்கை தெருவில் ஏறும் முடக்கில் முதல் அறிவித்தலைத் தொடங்கினான். மெகாபோன் அவ்வளவு பலமாகச் சத்தம் போடும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. உள்ளே இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். இராசமலர் பெட்டியை நெஞ்சோடு பிடித்தபடி பத்தியில் நின்றார். இரண்டு பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக, மற்றப் பெயர்களைப் போலவே வந்தன. சைக்கிள் தூரப் போகப் போக அவை திரும்பத் திரும்ப வந்தன: முதலில் சந்தியில், பிறகு சங்கக் கடையடியில், பிறகு முள்ளியவளைப் பக்கமாக, சொற்கள் பிரியாமல் ஒரு குரலாக மட்டும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டதாகத்தான் எனக்கும் ஞாபகம்.

இதை எழுதுவது இரண்டாயிரத்தொன்று மார்கழியில். கொள்ளி வைத்தது தவராசா. அடுத்த வருடம் நெடுங்கேணிப் பக்கம் விறகுக்குப் போனபோது மிதிவெடியில் அவனுடைய ஒரு கால் போனது. இப்போதும் பற்றரி சார்ச் பண்ணுகிறான். மீனம்மா தொண்ணூற்றொன்பது மாரியில் மலேரியாவில் செத்துப்போனாள். நிரோசினி குமுழமுனையில் தொண்டராசிரியையாக இருக்கிறாள். தகப்பனின் பெயர் செஞ்சிலுவை வாகனத்துக்கு வந்தது, செத்துப் பத்தாம் நாள்.

கடிதம் தொண்ணூற்றொன்பது தை மாதம் வந்தது. பிரசாந்தனின் கையெழுத்து. சுகமாக இருக்கிறேன், இருமல் மட்டும் இருக்கிறது, அப்பாவுக்குச் சொல்லுங்கோ என்று எழுதியிருந்தான். மேலே திகதி 98.03.03. அட்டையில் இருக்கும் திகதிக்குப் பதினொரு நாள் முந்தியது. இராசமலர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கடிதத்தைப் பெட்டியின் மூடிக்குள் வைத்தார். அதற்குப் பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. வோல்ற்றுமானி இன்னும் அந்தப் பலகையில், எழுபத்தைந்துக்கும் தொண்ணூறுக்கும் இடையில் இருக்கிறது. ஆணியை ஒருவரும் தொடவில்லை.